ரோஸ் கலர் துப்பாக்கி

என் ஐம்பதாவது பிறந்தநாளன்று, என் கணவன் ஆர்லனின் அண்ணன் டுவெய்ன், என்னுடைய துப்பாக்கிக்கு ரோஸ் கலர் பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்தான். எங்கள் சமையலறையில் அப்போது பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நான் மெழுகுவத்தியை ஊதி முடித்து, கேக்கை வெட்டக் கத்தியைக் கையில் எடுத்திருந்தேன். பக்கத்து அறையிலிருந்து டுவெய்ன் துப்பாக்கியைத் தோளில் வைத்தபடியே உள்ளே வந்தான். குழலை அறை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி ஆர்லனின் நெற்றிக்கு நேராக நிறுத்தினான்.

"டுமீல்! இனிமே குண்டே வேணாம் வெர்னா. இதைப் பாத்தா மானே வெக்கப்பட்டுச் செத்துரும்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஆர்லன் இரண்டு கையையும் தூக்கிச் சரணடைவதுபோல நடித்தான். நானும் சிரித்தேன். ஐந்து விநாடி இருக்கும். அந்த ஐந்து விநாடியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிகிறது.

சிரித்து முடித்தபிறகு அதை அவன் கையிலிருந்து வாங்கி, குண்டு அறையை மூடுகிற போல்ட்டைப் பின்னால் இழுத்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். காலி.

"காலியான்னு நீ பாத்தியா?" என்று கேட்டேன்.

"காலியாத்தான் இருக்கும்" என்றான்.

இருக்கும்! ஆறு வயதிலிருந்து துப்பாக்கியோடு வளர்ந்த மனுஷன் சொல்கிற பதில் அது.

நான் மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறேன். இருபத்திரண்டு குளிர்காலம் ஓட்டியாகிவிட்டது. பெரிய ஏரியிலிருந்து காற்று அடித்தால் எங்கள் பக்கம் ஒரே ராத்திரியில் இடுப்பளவு பனி விழும். அப்படி விழுந்த ஒரு வருடம் கூடுதல் நேர வேலை பார்த்த சம்பளத்தில் வாங்கிய துப்பாக்கி அது. தோளில் முட்டுக்கொடுத்துப் பிடிக்கிற பகுதியைக் கட்டை என்று சொன்னாலும் அது மரம் கிடையாது. பாசி நிறத்தில் சொரசொரப்பான பிளாஸ்டிக். மழையில் ஊறாது, பனியில் வெடிக்காது. பின்பக்க ரப்பரைக் கழற்றிவிட்டு மெல்லியதாக ஒன்றைப் போட்டு, என் குட்டைக் கைக்குப் பொருந்தும்படி செய்து வைத்திருந்தேன். டுவெய்னுடையது பளபளக்கும் வால்நட் மரம். என்னுடையதை அவன் ஒருநாளும் துப்பாக்கி என்று சொன்னதில்லை. "டிஃபன் டப்பா" என்பான். பதினான்கு வருடமாக அதே நகைச்சுவை.

போன வருடம் அந்த டிஃபன் டப்பாவால் பத்துக் கிளைக் கொம்புள்ள கலைமானை அடித்தேன். எங்கள் வேட்டைக் கேம்ப்பில் யார் எந்த இடத்தில் உட்காருவது என்று சீட்டுப் போடுவார்கள். டுவெய்னுக்குப் பிடித்தமான ஓடைக்கரை இடம் எனக்கு விழுந்தது. அவனுக்கு அந்த வருடம் ஒரு மானும் கிடைக்கவில்லை. கேம்ப் சுவரில் என் மானின் படத்தை மாட்டியபோது அவன் வெளியே போய் விறகு பிளந்துகொண்டிருந்தான். போதும் போதும் என்கிற அளவுக்கு விறகு ஏற்கெனவே கிடந்தது.

ரோஸ் பெயிண்டுக்குக் காரணம் இதுதான் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். சமையலறையில் நின்ற பன்னிரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாள் ஞாயிறு. காலையில் கராஜுக்குப் போய் துப்பாக்கியை மேசையில் வைத்தேன். ஆர்லன் இரண்டு கோப்பை காபியோடு பின்னாலேயே வந்தான். என் கோபத்தைக் காபியால் ஆற்றிவிடலாம் என்று அவனுக்கு இருபத்தாறு வருட நம்பிக்கை.

"பெயிண்ட்தானே வெர்னா. தேச்சா போயிடும்."

"துப்பாக்கிப் பெட்டிச் சாவி ரெண்டுதான் இருக்கு. ஒண்ணு எங்கிட்ட இருக்கு. இன்னொண்ணை அவனுக்குக் குடுத்தியா?"

அவன் காபியைப் பார்த்தான்.

"பிறந்தநாளுக்குக் கட்டையைப் புதுசு பண்ணித் தரேன்னான். நல்ல விஷயம்தானேன்னு குடுத்தேன். ரோஸ்னு சத்தியமாத் தெரியாது."

"தெரிஞ்சப்புறம் என்ன பண்ணின?"

"என்ன பண்ணினேன்?"

"கையைத் தூக்கிக்கிட்டுச் சிரிச்ச."

"நீயும்தான சிரிச்ச."

அவன் சொன்னது உண்மை. அதனாலேயே கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எறியத் தோன்றியது. எறியவில்லை. துப்பாக்கியைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்து ஸ்க்ரூ இரண்டையும் கழற்றினேன். ஸ்க்ரூவின் தலையிலும் ரோஸ் நிரம்பியிருந்தது. கட்டையைத் தனியாகக் கழற்றாமல் அப்படியே வைத்து அடித்திருக்கிறான் என்று அதைப் பார்த்ததுமே புரிந்தது. குழலுக்கு மட்டும் செய்தித்தாளைச் சுற்றியிருக்கிறான். கழற்றுவது பத்து நிமிட வேலை. அதற்குக்கூட அவனுக்குச் சோம்பல்.

குழலும் விசையும் சேர்ந்த இரும்புப் பகுதியைக் கட்டையிலிருந்து தூக்கினேன். விசைக்கு மேலே இருக்கிற சின்னப் பெட்டிக்குள், தின்று துப்பிய பபிள்கம் மாதிரி பெயிண்ட் வழிந்து உறைந்து கிடந்தது. விசையைப் பூட்டி வைக்கிற சேஃப்டி நெம்புகோல் ஓரத்திலும் அப்படியே. விரலால் தள்ளினேன். நகர்ந்தது. ஆனால் கடைசியில் கேட்கவேண்டிய அந்த 'க்ளிக்' கேட்கவில்லை.

குண்டு இல்லை என்று மூன்று முறை பார்த்தேன். குழலை விறகுக் குவியலின் பக்கம் திருப்பினேன். சேஃப்டியைப் போட்டுவிட்டு விசையை இழுத்தேன்.

டக்.

சேஃப்டி போட்டிருந்தால் அந்தச் சத்தம் வரவே கூடாது. மறுபடி செய்தேன். டக். ஆறு முறை செய்ததில் நான்கு முறை டக்.

"ஆர்லன், இங்க வா. நீயே இழுத்துப் பாரு."

இழுத்துப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது.

"இது நேத்து உன் நெத்தியப் பாத்துக்கிட்டு நின்னுச்சு" என்றேன்.

"காலியாத்தான இருந்துச்சு..."

"காலியான்னு பாத்தது யாரு? நான். எப்பப் பாத்தேன்? அவன் உன்னைக் குறி வெச்சு முடிச்சப்புறம்!"

அவன் காபிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். அவன் அப்படித்தான். அண்ணன் பேச்சு வந்தாலே ஏதாவது பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவான்.

விசைப் பகுதியில் நானாகக் கை வைக்க விரும்பவில்லை. திங்கட்கிழமை வேலை முடிந்ததும் சிப்போலாவிடம் கொண்டுபோனேன். எங்கள் ஊரில் துப்பாக்கி பழுது பார்க்கிற ஆள் அவர். எழுபது வயது. அதிகம் பேசமாட்டார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டி உள்ளே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"யாரு பண்ணினது?"

"என் புருஷனோட அண்ணன்."

"குடிச்சிருந்தானா?"

"இல்ல. இதுதான் அவன் தெளிவா இருக்கிற லட்சணம்."

"இதத் தூக்கிக்கிட்டுக் காட்டுக்குள்ள போயிருந்தா, வேலி தாண்டும்போது ஒரு குலுக்கல் போதும். உன் காலோ, முன்னால போறவன் முதுகோ." துப்பாக்கியைத் துணியில் சுற்றினார். "வெள்ளிக்கிழமை வா. முழுசாப் பிரிச்சுக் கழுவித் தரேன். கட்டையை நீயே பாத்துக்குவியா?"

"அதை வேற யாரும் தொடக்கூடாது" என்றேன்.

அந்த வாரம் முழுவதும் மாலையில் கராஜே கதியாகக் கிடந்தேன். மரமாக இருந்தால் தேய்த்து இழைத்துவிடலாம். பிளாஸ்டிக்கில் அவசரப்பட்டால் போச்சு. கடுமையான திரவத்தை ஊற்றினால் பெயிண்டோடு சேர்ந்து கட்டையும் குழையும். அதனால் பெயிண்ட் எடுக்கிற கூழை, குழல் உட்காருகிற பள்ளத்தில், வெளியே தெரியாத இடத்தில், ஒரு காசளவு தடவிக் கால்மணி நேரம் காத்திருந்தேன். பிளாஸ்டிக் குழையவில்லை. பிறகுதான் முழுக்கப் பூசினேன். ரோஸ் சுருங்கிச் சுருங்கி, வெயிலில் தோல் உரிகிற மாதிரி எழும்பியது. பிளாஸ்டிக் கரண்டியால் வழித்தேன். கைப்பிடியில் சொரசொரப்புக்காகக் கீறியிருந்த சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் போனதுதான் தொல்லை. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொரு கட்டமாகத் தேய்த்தேன்.

தேய்க்கத் தேய்க்கக் கோபம் குறையும் என்று சொல்வார்கள். எனக்கு ஏறியது. ஒரு கட்டத்தைத் துடைத்தால் ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்தது. எங்கள் கல்யாணத்தில் அவன் பேசிய பேச்சு. நான் லாரி வேலைக்குச் சேர்ந்தபோது "சாலையில எல்லாரும் ஓரமா நில்லுங்கப்பா" என்று மதுக்கடையில் கத்தியது. ஒவ்வொன்றுக்கும் நான் சிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஆர்லன் காது கேட்காதவன்போல இருந்திருக்கிறான்.

வியாழக்கிழமை ரோஸ் முழுக்கப் போயிற்று, கூடவே பழைய பாசி நிறமும் திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மினுமினுப்பை எடுத்தேன். பாத்திர சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்தேன். ஸ்பிரிட்டால் துடைத்தபிறகு கை ரேகை படக்கூடாது என்று கையுறை போட்டுக்கொண்டேன். சனிக்கிழமை காலையில் காற்றில்லை. வெளியே பிர்ச் மரக் கிளையில் கம்பி கட்டிக் கட்டையைத் தொங்கவிட்டு, பெயிண்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சை முதலில் அடித்தேன். அப்புறம் பழைய பாசி நிறம். மூடுபனி மாதிரி மெல்லிசாக ஒரு பூச்சு, காயவிட்டு இன்னொன்று, பிறகு மூன்றாவது. ஒரே பூச்சில் முடிக்க நினைத்தால் வழியும். வழிந்தால் டுவெய்ன் வேலை மாதிரி ஆகும்.

வாடை போனபிறகு உள்ளே கொண்டுபோக வேண்டும். அக்டோபர் குளிரில் கராஜில் வைத்தால் பூச்சு இறுகாது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் சவ்னா இருக்கிறது. கல்லைச் சூடாக்கி ஆவியில் குளிக்கிற கொட்டகை. அதன் முன்னறையில், உடை மாற்றுகிற இடத்தில், கட்டையை மாட்டி அடுப்பில் சின்னதாக நெருப்புப் போட்டேன். கல்லில் தண்ணீர் ஊற்றினால் ஆவி வரும், ஆவி பட்டால் பூச்சு கொப்புளிக்கும். அதனால் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை சவ்னா என்றால் டுவெய்ன் வராமல் இருக்கமாட்டான். முப்பது வருடப் பழக்கம். நான்கு மணிக்குத் துண்டும் ஆறு பீர் கேனுமாக வந்தான். கதவை இழுத்துப் பார்த்தான்.

"என்ன, உள்ள யாரு?"

"என் துப்பாக்கிக் கட்டை" என்றேன். "காயுது."

"டிஃபன் டப்பாக்குக் குளியலா! அட, நான் கஷ்டப்பட்டு அடிச்ச பெயிண்டை அழிச்சிட்டியா? நன்றிகெட்ட பொம்பள!" சிரித்தான். "சரி, அதைத் தூக்கி ஓரமா வை. உடம்பு வலிக்குது."

"இன்னிக்கு சவ்னா இல்ல. உனக்கு இனிமே எந்தச் சனிக்கிழமையும் இல்ல."

ஆர்லன் விறகுக் கட்டோடு வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றான். நான் சேஃப்டி விஷயத்தைச் சொன்னேன். பெயிண்ட் எங்கே இறங்கியிருந்தது, சிப்போலா என்ன சொன்னார், எல்லாவற்றையும் சொன்னேன். டுவெய்ன் முதலில் நம்பவில்லை. நம்பியபிறகும் தோளைக் குலுக்கினான்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலியே. எதுக்கு இந்த ஆட்டம்? ஒரு ஜோக்கைத் தாங்க முடியலன்னா நீ எதுக்கு ஆம்பளங்களோட கேம்ப்புக்கு வர?"

"கேம்ப் கதவுல உங்கப்பா என்ன எழுதி வெச்சிருக்காரு? சொல்லு."

என் மாமனார் கையால் பலகையில் எழுதியது அது: ஆள்மேல் குழலைத் திருப்பியவன் அந்த வருடம் வீட்டுக்குப் போகவேண்டும். ஆறு வருடம் முன்னால் ஆர்லனின் சித்தப்பா மகன் ரெய்னோவின் மருமகனை, தெரியாமல் திருப்பியதற்காக, கொட்டுகிற மழையில் வெளியே அனுப்பியது இதே டுவெய்ன்தான்.

"அது காட்டுக்கு. இது வீடு, பிறந்தநாள்" என்றான்.

"ஆர்லன், நீ சொல்லு. யார் நெத்தி அது?"

ஆர்லன் விறகைக் கீழே வைத்தான். நிமிர்ந்தான். பேசப்போகிறான் என்று நினைத்தேன்.

"இன்னும் மூணு வாரத்துல சீசன் ஆரம்பிக்குது. இப்பப் போய் எதுக்கு வெர்னா..."

அதற்குமேல் எனக்குக் காது அடைத்துவிட்டது. என்னென்ன கத்தினேன் என்று முழுக்க நினைவில்லை. பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது மட்டும் நினைவிருக்கிறது. டுவெய்ன் பீரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "இவளுக்கு வைத்தியம் பாரு தம்பி" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

மூன்று வாரமும் நாங்கள் வீட்டில் உப்பு, மிளகு, போஸ்ட் வந்ததா என்பதைத் தவிர வேறு பேசவில்லை. நவம்பர் பதினான்காம் தேதி, சீசனுக்கு முந்தின நாள், ஆர்லன் எப்போதும்போல, உள்ளே புகுந்து படுக்கிற தூக்கப்பையைக் கட்டிக்கொண்டு கேம்ப்புக்குப் போனான். போகும்போது வாசலில் நின்று, "நீ வரலியா?" என்றான்.

"வருவேன்" என்றேன். "தங்க மாட்டேன்."

மதியம் போனேன். பனி லேசாகத் தூவிக்கொண்டிருந்தது. எட்டு ஆண்கள் நீள மேசையில், உள்ளே இறைச்சி வைத்துச் சுட்ட பாஸ்டி தின்றுகொண்டிருந்தார்கள். டுவெய்ன் நடுவில் உட்கார்ந்து, நான் நினைத்தபடியே, ரோஸ் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"முழுசாச் சொல்லு" என்றேன். "அந்தக் கதையோட பின்பாதிய நீ சொல்றதில்லையாமே."

நானே சொன்னேன். உட்காரவில்லை, தொப்பியைக் கூடக் கழற்றவில்லை. சேஃப்டி போட்டு ஆறு முறை இழுத்ததில் நான்கு முறை விழுந்ததைச் சொன்னேன். குழல் யார் நெற்றியில் நின்றது என்று சொன்னேன். பிறகு கதவிலிருந்த பலகையைக் காட்டினேன்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணா, இல்ல மருமகன்களுக்கு மட்டுமா?"

பனி உருகி என் பூட்ஸிலிருந்து தரையில் சொட்டியது. ரெய்னோ தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் மருமகனை அனுப்பியபோது வாயை மூடிக்கொண்டிருந்த மனுஷன், இப்போதாவது பேசுவான் என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன்.

"வெர்னா, நடந்தது நடந்துபோச்சு" என்றான் கடைசியில். "உக்காரு. பாஸ்டி சூடா இருக்கு."

அவ்வளவுதான். எட்டுப் பேரின் நியாயம் ஒரு பாஸ்டியில் முடிந்தது. டுவெய்ன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு இரண்டு கைகளையும் விரித்தான், பார்த்தாயா என்பதுபோல. எனக்கு அவனைவிட அந்த ஏழு பேர்மேல்தான் அதிக வெறி வந்தது. கதவைத் திறந்தேன்.

பின்னால் பெஞ்ச் நகர்கிற சத்தம் கேட்டது. ஆர்லன் எழுந்திருந்தான். அடுக்குக் கட்டிலின் மேல்தட்டிலிருந்து தூக்கப்பையை உருவிச் சுருட்டினான்.

"எங்கடா போற?" என்றான் டுவெய்ன்.

"வீட்டுக்கு. சாவி குடுத்தது நான். என் நெத்திக்கு நேரா வெச்சப்ப சிரிச்சதும் நான். அப்பா விதிப்படி நானும் போகணும்." அண்ணனிடம் அவன் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. "நீ போகலன்னா அது உன் வெக்கம்."

"பொண்டாட்டி கூப்பிட்டா ஓடு, ஓடு" என்றான் டுவெய்ன்.

"அவ கூப்பிடல" என்றான் ஆர்லன்.

டுவெய்ன் போகவில்லை. அந்த வருடம் ஓடைக்கரை இடத்தை, சீட்டுக்கூடப் போடாமல், அவனே எடுத்துக்கொண்டானாம்.

நானும் ஆர்லனும் மறுநாள் அரசாங்கக் காட்டில், சாலைக்குப் பக்கத்திலேயே, ஒரு சதுப்பு ஓரத்தில் உட்கார்ந்தோம். ஆரஞ்சுச் சட்டை போட்ட அந்நிய வேட்டைக்காரர்கள் இருபுறமும் இருந்தார்கள். நல்ல இடம் இல்லை. நான்கு நாள் உட்கார்ந்தும் ஒரு மான் வாலைக்கூடப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் ஒரு பெட்டை மான் வந்தது. பெட்டைக்கு என்னிடம் அனுமதிச் சீட்டு இல்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரப் பனியில் துப்பாக்கி கையில் வழுக்கவில்லை. பாசி நிறம் ஒரு இடத்தில்கூட உரியவில்லை.

"இன்னும் கோவமா?" என்று ஆர்லன் மெல்லக் கேட்டான்.

"ஆமா" என்றேன்.

"எம்மேலயா, அவன்மேலயா?"

"வரிசை பெருசு. நீ இப்ப முன்னாடி இல்ல, நடுவுல எங்கயோ நிக்கற."

அதற்கு அவன் தலையாட்டினான். பிளாஸ்கைத் திறந்து எனக்கு முதலில் ஊற்றினான். காபியால் என்னை ஆற்றப் பார்க்கிறான் என்று தெரியும். இருந்தாலும் குடித்தேன். குளிர் அப்படி.

கிறிஸ்துமஸுக்கு டுவெய்ன் போன் செய்தான். ஆர்லன்தான் எடுத்தான். "மொதல்ல அவகிட்ட மன்னிப்புக் கேளு, அப்புறம் மத்ததெல்லாம் பேசலாம்" என்று சொன்னான். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. இந்த முறை ஆர்லன் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எங்கும் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரிலேயே உட்கார்ந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்து போய்த் தட்டிக்கொடுக்கவில்லை. வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. நான் லாரியை எடுக்கக் கிளம்ப வேண்டியிருந்தது.